பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு சினிமாப் படிப்பு: தரமணியா, விஸ்காமா, வேறொரு பட்டமா?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை சினிமா படிக்க வேண்டும் என்று சொன்னவுடன் பெரும்பாலான வீடுகளில் எழும் வாக்குவாதம், சினிமாவுக்குப் போகலாமா கூடாதா என்பதிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. போகலாம் என்று ஒருவழியாக முடிவான வீடுகளில்கூட, எந்தப் படிப்பு, எங்கே, எந்தப் பிரிவு என்ற கேள்விகளுக்கு அரை மணி நேரமும் ஒதுக்கப்படுவதில்லை. கையில் கிடைத்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டாம் ஆண்டில்தான் தாம் தேடியது இதுவல்ல என்று உணரும் மாணவர்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். எனவே முதல் கேள்வியை முடிந்துபோனதாக எடுத்துக்கொண்டு, இரண்டாவது கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் முன்னால் உண்மையில் மூன்று பாதைகள் இருக்கின்றன. முதலாவது, சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் நான்காண்டு இளங்கலைப் பட்டம் படிப்பது. இரண்டாவது, கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டு பி.எஸ்சி. காட்சித் தொடர்பியல், அதாவது எல்லோரும் விஸ்காம் என்றழைக்கும் படிப்பில் சேருவது. மூன்றாவது, சினிமாவோடு தொடர்பில்லாத ஏதோவொரு பட்டத்தை முடித்துவிட்டுப் புனே அல்லது கொல்கத்தாவில் உள்ள மத்திய அரசின் திரைப்படக் கல்லூரிகளில் முதுநிலைப் படிப்பில் சேரப் போவது. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. மாணவர் சினிமாவின் எந்தத் துறைக்குப் போக விரும்புகிறார் என்பதைப் பொறுத்து விடை முற்றிலும் மாறிவிடும் என்பதே என் கருத்து. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றில் மனம் ஊன்றியவருக்கு நான் சொல்லும் பாதை வேறு. இயக்குநராக வேண்டும் என்பவருக்குச் சொல்லும் பாதை வேறு.

தரமணி நிறுவனத்திலிருந்து தொடங்கலாம். 1945இல் மத்திய பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாகத் தொடங்கிய இந்த நிறுவனம், இந்தியாவில் சினிமாத் தொழில்நுட்பத்தை வகுப்பறையில் வைத்துக் கற்பித்த மிகப் பழைய இடங்களுள் ஒன்று. நெடுங்காலம் பட்டயப் படிப்பாக இருந்ததைப் பின்னர் நான்காண்டுப் பட்டமாக மாற்றி, தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். ஒளிப்பதிவு, இயக்கம் மற்றும் திரைக்கதை எழுதுதல், படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, எடுத்த படத்தின் நிறத்தையும் ஒளியையும் கணினியில் சரிசெய்யும் டி.ஐ. எனப்படும் டிஜிட்டல் இன்டர்மீடியட், அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று பிரிவுகள் உள்ளன. சேரும்போதே எந்தப் பிரிவு என்று முடிவு செய்துவிட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் பதினைந்து பேர் அளவிலேயே எடுப்பார்கள்.

இந்த எண்ணிக்கையைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒரு கேமராவைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பதினைந்து பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் எடுத்த ஷாட்டைத் திரையில் போட்டு, முகத்தில் விழும் வெளிச்சம் ஏன் ஜன்னல் பக்கத்திலிருந்து வருவதுபோல் இல்லை என்று ஆசிரியர் கேட்க நேரம் இருக்கும். அதைவிடப் பெரிய ஆதாயம் பக்கத்து வகுப்பில் இருக்கிறது. ஒளிப்பதிவு மாணவர் குறும்படம் எடுக்கும்போது அவருக்குப் படத்தொகுப்பாளரும் ஒலிப்பதிவாளரும் அதே வளாகத்திலேயே கிடைக்கிறார்கள். 1986இல் வெளிவந்த ‘ஊமை விழிகள்’ இந்தத் திரைப்படக் கல்லூரியின் மாணவர்கள் ஒரு குழுவாகத் திரண்டு எடுத்த படம் என்பது தமிழ் ரசிகர்களுக்குத் தெரியும். அந்தக் குழு வளாகத்தில் உருவானது. பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன் போன்ற ஒளிப்பதிவாளர்கள், இந்த நிறுவனம் அடையாறு திரைப்படக் கல்லூரி என்று அறியப்பட்ட காலத்து மாணவர்கள்.

தொழில்நுட்பத் துறைகளுக்கு இளம் வயதிலேயே முறையான பயிற்சி வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம், அவற்றில் கண்ணும் காதும் பழகுவதற்கு ஆண்டுக்கணக்கில் காலம் பிடிப்பதுதான். படத்தொகுப்பு வகுப்பில் வழக்கமாகக் கொடுக்கப்படும் ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கதவைத் திறந்து அறைக்குள் வந்து நாற்காலியில் உட்காருகிறார். இதை மூன்று கோணங்களில் எடுத்த ரஷ், அதாவது வெட்டப்படாத படப்பதிவு, எல்லா மாணவர்களுக்கும் ஒன்றாகவே வழங்கப்படும். எங்கே வெட்டுவது என்பது மட்டுமே கேள்வி. கை கைப்பிடியைத் தொடும்போது வெட்டியவருடையதும், கதவு அசையத் தொடங்கிய பிறகு வெட்டியவருடையதும் திரையில் ஓடும்போது, ஒன்று உறுத்துகிறது, மற்றொன்று கண்ணுக்குத் தெரியாமலே கடந்துபோகிறது. நான்கைந்து ஃபிரேம் வித்தியாசம் இவ்வளவு செய்யுமா என்று வகுப்பே வியக்கும். ஒலிப்பதிவு மாணவர்களுக்கும் இப்படியொன்று உண்டு. படப்பிடிப்பு முடிந்ததும் யாரையும் அசைய விடாமல் அறையின் அமைதியை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்யச் சொல்வார்கள். ரூம் டோன் எனப்படும் அந்தப் பதிவு இல்லையென்றால், வசனங்களுக்கு இடையே ஒலி முழுவதும் அறுந்து விழும் என்பதை மிக்ஸிங் அறையில் ஒருமுறை கேட்ட மாணவர் பிறகு எந்த ஸ்பாட்டிலும் அதை மறப்பதில்லை. இப்படிப்பட்ட நூறு பாடங்களைத் தவறு செய்து கற்றுக்கொள்ளக்கூடிய இடம் கல்லூரிதான். தொழில்முறைப் படப்பிடிப்பில் நடிகரின் கால்ஷீட் ஓடிக்கொண்டிருக்கும்போது உதவியாளர் தவறு செய்து பார்க்க யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள்.

ஒரு காலத்தில் திரைப்படக் கல்லூரிக்குப் போவதற்கு முதன்மையான காரணம் கேமராவாக இருந்தது. நெகட்டிவ் விலை அதிகம்; ஃபிலிமை வெட்டித் தொகுக்கும் மூவியாலா மேசையை வெளியே பார்க்க முடியாது; ஃபிலிமைக் கழுவும் லேபுக்குள் நுழைய வழி கிடையாது. இன்று பத்தாம் வகுப்பு மாணவர் கையில் உள்ள போனிலேயே குறும்படம் எடுத்து, இலவச மென்பொருளில் வெட்டி, அன்றிரவே வெளியிட்டுவிடலாம். எனவே கல்லூரியின் தேவை போய்விட்டது என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. கருவி மலிவாகிவிட்டதால் தவறும் மலிவாகிவிட்டது. ஆனால் தவறு எது என்று சுட்டிக்காட்டும் ஆள் முன்பைவிட அரிதாகிவிட்டார். நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள்; முகம் தெரியாதவர்கள் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு வாரமும் உங்கள் வேலையைப் பார்த்து, எங்கே பிசகியது என்று பொறுமையாகச் சொல்லும் ஆசிரியரும், அதே வேலையைத் தானும் செய்து பார்த்த சக மாணவரும்தான் இன்று கல்லூரி தரக்கூடிய உண்மையான வசதி. எந்தக் கல்லூரியை எடைபோடும்போதும் கேமராவின் மாடலைவிட இந்த வசதி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது விஸ்காம். சென்னை லயோலா கல்லூரி இந்தப் படிப்பைத் தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டின் ஊர் ஊராகக் கலை அறிவியல் கல்லூரிகளில் இது பரவியது. இயக்குநர் இணை புஷ்கர்–காயத்ரி, இயக்குநர் விஷ்ணுவர்தன் என்று லயோலாவில் விஸ்காம் படித்தவர்கள் தமிழ் சினிமாவில் இருக்கிறார்கள். ஆனால் விஸ்காம் என்பது சினிமாப் படிப்பு அல்ல என்பதைச் சேருவதற்கு முன்பே தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓவியம், புகைப்படம், வரைகலை வடிவமைப்பு, விளம்பரம், தொடர்பியல் கோட்பாடுகள், தொலைக்காட்சித் தயாரிப்பு, வலைத்தள வடிவமைப்பு ஆகியவற்றுக்கு இடையில் சினிமாவும் ஒன்றாக வரும். ஆறு பருவங்களில் சினிமாவுக்கு நேரடியாக ஒதுக்கப்படும் தாள்கள் சிலவே. இறுதியாண்டில் ஒரு குறும்படமோ ஆவணப்படமோ செய்ய வேண்டியிருக்கும். அதற்கான செலவையும் பெரும்பாலும் மாணவர்களே ஏற்பார்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதினேழு வயதில் தனக்குக் கேமரா பிடிக்குமா, எழுத்துப் பிடிக்குமா, வடிவமைப்புப் பிடிக்குமா என்று தெரியாதவர்தான் அதிகம். அவருக்கு விஸ்காம் மூன்றாண்டு அவகாசம் தருகிறது. படித்து முடித்த பிறகு விளம்பர நிறுவனம், செய்தித் தொலைக்காட்சி, யூடியூப் தயாரிப்புக் குழு, செயலிகளுக்கான திரை வடிவமைப்பு, திருமணப் புகைப்படம் என்று மாதச் சம்பளமோ நாள் வருமானமோ தரும் பல கதவுகள் உள்ளன. முதுகலையும் முடித்துவிட்டால் இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் பாடத்தில் நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராகவும் ஆகலாம். சினிமாவில் முதல் வாய்ப்புக் கிடைக்கும்வரை ஓரிரு ஆண்டுகள் வீட்டுச் செலவைத் தாங்க வேண்டியவருக்கு இந்தக் கதவுகளின் மதிப்பு பெரிது.

ஆனால் விஸ்காமில் கல்லூரிக்குக் கல்லூரி உள்ள வேறுபாடு, வேறெந்தப் பட்டப்படிப்பிலும் நான் காணாத அளவுக்கு இருக்கிறது. பாடத்திட்டம் ஒரே பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்கும். ஒரு கல்லூரியில் நல்ல ஒலிப்பதிவு அறையும் தொழிலில் இருந்து வந்த ஆசிரியர்களும் இருப்பார்கள், மற்றொன்றில் கேமரா அலமாரியிலேயே பூட்டிக் கிடக்கும். நேரில் போகும்போது துறைத் தலைவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல், இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். கேமரா அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, மாலை ஐந்து மணிக்குப் பிறகும் எடிட் லேப் திறந்திருக்குமா, சனி ஞாயிறுகளில் கருவிகளை வெளியே எடுத்துப்போக விடுவார்களா, சென்ற ஆண்டு ஒவ்வொரு மாணவரும் எத்தனை படங்களில் எந்தெந்த வேலை செய்தார் என்று கேளுங்கள். வண்ண வண்ணக் கையேடுகளில் கிடைக்காத விடைகள் இவற்றில் கிடைத்துவிடும்.

மூன்றாவது பாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஏனெனில் இயக்குநராக வேண்டும் என்று வருபவர்களுக்கு நான் பெரும்பாலும் இதையே சொல்கிறேன். மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ், 1960இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கப்பட்ட புனே நிறுவனமும், 1995இல் தொடங்கப்பட்ட கொல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனமும், இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி ஆகிய பிரிவுகளில் மூன்றாண்டு முதுநிலைப் படிப்புகளை நடத்துகின்றன. ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம்; அகில இந்திய நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா புனேயில் ஒளிப்பதிவு படித்து 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தவர். 2009இல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் பெற்ற ரசூல் பூக்குட்டி அங்கே ஒலிப்பதிவு படித்தவர்.

இயக்கத்தைப் பதினேழு வயதிலேயே இளங்கலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் எளியது. ஒளிப்பதிவு மாணவர் கற்க வேண்டியது வகுப்பறையிலும் ஸ்பாட்டிலும் இருக்கிறது. இயக்குநர் கற்க வேண்டியதில் பெரும்பகுதி அவற்றுக்கு வெளியே இருக்கிறது. ஒரு கிராமத்தில் நிலத்தகராறு எப்படித் தொடங்குகிறது, நீதிமன்றத்தில் ஒரு சாட்சி எப்படிப் பேசுகிறார், ஒரு வீட்டில் யார் முதலில் சாப்பிட உட்காருகிறார்கள் என்பதெல்லாம் திரைக்கதைப் பாடப்புத்தகத்தில் இல்லை. பா. இரஞ்சித் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றார். மாரி செல்வராஜ் திருநெல்வேலியில் சட்டக் கல்லூரிக்குப் போனார். வெற்றிமாறன் ஆங்கில இலக்கியம் படிக்கப் போய் அங்கிருந்து பாலு மகேந்திராவிடம் சேர்ந்தார். கார்த்திக் சுப்பராஜ் மதுரையில் பொறியியல் படித்தார். இவர்கள் படங்களில் நாம் காணும் உலகம் அவர்கள் நடமாடிய இடங்களிலிருந்து வந்தது. வரலாறு, சமூகவியல், தமிழ் இலக்கியம், மானுடவியல் ஆகியவற்றில் ஒன்றை மூன்று ஆண்டுகள் ஆழ்ந்து படிப்பது, ஒரு வருங்கால இயக்குநருக்கு நான்கு குறும்படங்கள் எடுப்பதைவிட அதிகம் தரும் என்று நம்புகிறேன்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்னவர்கள் எல்லோரும் வென்றவர்கள். அவர்களைப் போலவே சட்டமோ பொறியியலோ படித்து, சினிமாவுக்கு வந்து, பத்தாண்டுகள் உதவி இயக்குநராக இருந்து ஊர் திரும்பியவர்களை யாரும் பட்டியலிடுவதில்லை. எனவே இந்தப் பெயர்களைக் காட்டி, சினிமா படிக்காதவர்கள்தான் வெல்கிறார்கள் என்று முடிவு கட்டுவது தவறு. நான் சொல்வது வெற்றி வாய்ப்பைப் பற்றி அல்ல. அந்த வயதின் மூன்றாண்டுகளை எதில் செலவிட்டால் கையில் கதை சேரும் என்பதைப் பற்றி மட்டுமே.

அப்படியானால் இயக்குநர் கனவோடு இருப்பவருக்குத் தரமணி பொருந்தாதா? பொருந்தும், ஆனால் இயக்கப் பிரிவைவிடப் படத்தொகுப்பு அல்லது ஒளிப்பதிவுப் பிரிவில் சேரச் சொல்வேன். பாலு மகேந்திராவும் ராஜீவ் மேனனும் ஒளிப்பதிவு கற்றுப் பிறகு இயக்குநர்களானவர்கள். கைத்தொழில் ஒன்று தெரிந்தவர் இயக்க வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் அதைக்கொண்டு பிழைக்க முடியும். படத்தொகுப்பு மேசையில் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவருக்கு, ஸ்பாட்டில் எந்த ஷாட் தேவை, எது தேவையில்லை என்பது கதை எழுதும்போதே தெரிந்துவிடும்.

புனே, கொல்கத்தா பாதையில் இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று காலம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டுகள். முதல் முயற்சியில் இடம் கிடைக்காவிட்டால் இன்னும் கூடும். மற்றொன்று மொழி. தமிழ்வழியில் படித்த மாணவர் நுழைவுத் தேர்வையும் நேர்காணலையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எதிர்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு அந்த மொழிகளில் பேசும் நடிகர்களை வைத்துப் படம் எடுக்க வேண்டும். தன் ஊர்ப் பேச்சின் வளத்தை நம்பி எழுதும் ஒருவருக்கு இது சிறிய இழப்பல்ல. தரமணியில் அந்தச் சிக்கல் இல்லை. பட்டப்படிப்புக் காலத்திலேயே ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் பழகிக்கொண்டால் முதல் பாதி தீரும். இரண்டாம் பாதிக்கு மாற்று இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை தரமணி அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் எளிய குடும்பத்துக்கும் எட்டும். விஸ்காம் சுயநிதிக் கல்லூரியில் கணிசமாகக் கூடும். அதோடு மடிக்கணினியும் கேமராவும் சொந்தமாக வாங்க வேண்டிவரும். சென்னையில் உள்ள தனியார் திரைப்பள்ளிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றில் சில நல்ல ஆசிரியர்களோடு நடக்கின்றன. ஆனால் கட்டணம் லட்சங்களில் இருக்கும், அவற்றில் பல பட்டத்துக்குப் பதிலாகச் சான்றிதழே தருகின்றன. ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்தவர் ஓராண்டுப் பயிற்சிக்காகப் போவது சரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் பட்டமே இல்லாத ஒரு சான்றிதழை நம்பிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வோ வங்கித் தேர்வோ முதுகலைச் சேர்க்கையோ எதுவானாலும் பின்னாளில் முதலில் கேட்பது இளங்கலைப் பட்டத்தைத்தான்.

எதையும் படிக்காமல் நேராக ஒரு இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்துவிடுவது தமிழ் சினிமாவின் பழைய வழி. கிளாப் அடிப்பதில் தொடங்கி, ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் உடையும் பொருள்களும் மாறாமல் இருக்கக் குறிப்பெடுக்கும் கன்டினியூட்டி எழுதி, துணை நடிகர்களை நிறுத்தி, படிப்படியாக அசோசியேட் ஆகலாம். ஒரு முழுப் படத்தின் வேலையை இதைவிட நெருக்கமாகக் காட்டும் வழி இல்லை. ஆனால் அந்த வாசல் யாருக்குத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். சாலிகிராமத்திலோ வடபழனியிலோ அறை எடுத்து, பேட்டா எனப்படும் தினப்படியை மட்டும் நம்பி, வீட்டுக்குப் பணம் அனுப்பாமல் சில ஆண்டுகள் இருக்க முடிந்தவருக்கு அது திறக்கும். பெண்களுக்கு அது பெரும்பாலும் அரைகுறையாகவே திறந்திருக்கிறது. 1985இல் ‘சின்ன வீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பி.ஆர். விஜயலட்சுமி திரைத்துறைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்படிப்பட்ட பின்னணி இல்லாத ஒரு பெண், யாரென்றே தெரியாத ஒரு யூனிட்டில் போய் நின்று வேலை கேட்பது இன்றும் எளிதல்ல. 2002இல் ரேவதி இயக்கிய ‘மித்ர், மை ஃபிரண்ட்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஃபௌசியா பாத்திமா புனேயில் படித்து வந்தவர். விடுதி, அடையாள அட்டை, உடன் படித்தவர்களின் துணை, ஆசிரியரின் பரிந்துரை ஆகியவை ஒரு பெண்ணுக்கும், சென்னையில் யாரையும் தெரியாத குடும்பத்திலிருந்து வரும் பையனுக்கும் கல்லூரி மட்டுமே தரக்கூடியவை. அவர்கள் விஷயத்தில் படிக்காமலே போகலாம் என்ற அறிவுரையை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

விண்ணப்பிக்கும் காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. தரமணியின் அறிவிக்கையும் கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கையும் ஏறத்தாழ பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளை ஒட்டியே வருகின்றன. தரமணியில் இடங்கள் குறைவு என்பதால் அங்கே மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கல்லூரியிலும் ஓர் இடத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். பிரிவுக்குப் பிரிவு பள்ளிப் பாடத் தகுதி மாறும் என்பதால் அந்த ஆண்டு அறிவிக்கையை வரி விடாமல் படியுங்கள். ஒலி, ஒளிப்பதிவுப் பக்கம் போக எண்ணுபவர்கள் பதினொன்றாம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே இயற்பியலை விட்டுவிடாமல் இருப்பது நல்லது. நேர்காணலுக்குப் போகும் முன், விரும்பும் பிரிவில் ஏதேனும் ஒரு வேலையைச் செய்து கையில் வைத்திருங்கள். ஒளிப்பதிவுக்கு ஒரே ஜன்னலின் வெளிச்சத்தில் காலை, நண்பகல், மாலை என்று எடுத்த புகைப்படங்கள் போதும். ஒலிப்பதிவுக்கு உங்கள் தெருவின் ஓசைகளை வைத்து இரண்டு நிமிடம் தொகுத்த பதிவு போதும். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்குச் சொந்தமாக ஒரு விடை சொல்ல முடிகிறதா என்பதை விண்ணப்பத்தை நிரப்பும் முன்பே வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்.